2,62,144 லிட்டரில் நின்றுபோன மொத்தக் கணக்கு

வாசகர் கேள்வி: மார்ச் 2, காலை

தண்ணீர்க் குழாயில் பொருத்தியுள்ள ஓட்டமானி ஒவ்வொரு 10 மில்லிலிட்டருக்கும் ஒரு துடிப்பை அனுப்புகிறது. சிறிய கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று அந்தத் துடிப்பை வாங்கி, மொத்தத்துடன் 0.01 லிட்டரைக் கூட்டிக்கொண்டே வருகிறது. பல மாதங்கள் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்த மொத்தம், ஆறு நாட்களாக 2,62,144.00 லிட்டரிலேயே நிற்கிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற ஓட்ட வீதம் மட்டும் வழக்கம்போல மாறுகிறது. கணினிக்குள் நுழைந்துவிட்ட எண் தானாகக் கெடாது, ஆகவே உணரியைத்தான் மாற்ற வேண்டும் என்று உடன் பணிபுரிபவர்கள் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

மார்ச் 2, பிற்பகல்

உணரியை மாற்றாதீர்கள். 2,62,144 என்பது இரண்டின் 18-ஆம் அடுக்கு. தேய்ந்துபோன ஓட்டமானி எந்த எண்ணில் வேண்டுமானாலும் நிற்கலாம். மிகச் சரியாக இரண்டின் அடுக்கு ஒன்றில் நிற்கிறது என்றால், கோளாறு எண்ணை வைத்திருக்கும் இடத்தில்தான் இருக்கிறது. நிரலில் மொத்தத்தைத் தாங்கும் மாறி எந்த வகை என்று பாருங்கள். அது 32 பிட் ஃப்ளோட், அதாவது பின்னத்தோடு கூடிய எண்ணை 32 இரும இலக்கங்களில் வைக்கும் வகை, என்றால் தேடல் அங்கேயே முடிந்தது. நின்ற நாள் வரையிலான கணக்கை நம்பலாம்; அதற்குப் பின் ஓடிய தண்ணீர் மட்டுமே விடுபட்டிருக்கும்.

மார்ச் 2, இரவு

ஃப்ளோட்தான் என்று உறுதி செய்துவிட்டீர்கள். இனி விளக்கத்தை முழுதாக எழுதுகிறேன். இதில் ஒரு படி தவறினாலும் அடுத்த கருவியிலும் இதே கோளாறு வந்து நிற்கும்.

ஐஇஇஇ 754 தரத்தின் 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் இலக்கங்களுக்கென்று கிடைப்பவை 24 இரும இடங்கள். எண் சிறியதாக இருக்கும்போது அந்த 24 இடங்களில் பெரும்பகுதி பின்னத்துக்குக் கிடைக்கிறது. எண் வளர வளர முழு எண் பகுதி இடங்களைப் பிடித்துக்கொள்ள, பின்னத்துக்கு மிஞ்சுவது குறைகிறது. அதாவது இந்த எண்கோட்டில் கோடுகள் சம இடைவெளியில் இல்லை. இரண்டின் ஒவ்வோர் அடுக்கையும் தாண்டும்போது இடைவெளி இரட்டிப்பாகிறது. 2,62,144-க்கு அப்பால் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவே 0.03125 லிட்டர் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு 0.01-ஐக் கூட்டினால் விடை இரு கோடுகளுக்கு நடுவில் விழுகிறது. கணினி அதை மிக அருகிலுள்ள கோட்டுக்கு நகர்த்துகிறது. அருகிலுள்ள கோடு புறப்பட்ட இடமேதான். ஒவ்வொரு துடிப்புக்கும் கூட்டல் நடக்கிறது, ஒவ்வொரு முறையும் விடை பழைய எண்ணாகவே திரும்புகிறது. ஓட்ட வீதமோ துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்திலிருந்து கணக்கிடப்படுவதால் அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

64 பிட்டில் எண்ணை வைக்கும் டபுள் வகைக்கு மாற்றிவிடுங்கள். 53 இடங்கள் கிடைக்கும், போதும்.

மார்ச் 3

பிற்பகல் குறிப்பில் நான் எழுதிய கடைசி வாக்கியம் தவறு. நின்ற நாள் வரையிலான கணக்கை நம்ப முடியாது. படுத்த பிறகுதான் இது உறைத்தது. காலையில் தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.

2,62,144-இல் கோடுகளின் இடைவெளி 0.03125 என்றால், அதற்கு முந்தைய மண்டலமான 1,31,072 முதல் 2,62,144 வரை இடைவெளி 0.015625. இங்கே 0.01 என்பது பாதி இடைவெளியைவிடப் பெரியது. ஆகவே விடை அடுத்த கோட்டுக்குத் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் 0.01 லிட்டருக்குப் பதிலாக 0.015625 லிட்டர் ஏறியிருக்கிறது. கணக்கு நிற்பதற்கு முன் ஒன்றரை மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடியிருக்கிறது என்று பொருள். அதற்கும் முன்னால், 65,536 முதல் 1,31,072 வரை, இடைவெளி 0.0078125, அங்கே ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த அளவே ஏறி, கணக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பின்தங்கியிருக்கிறது. 32,768 முதல் 65,536 வரை மூன்று கோடுகள் தாண்டி 0.01171875 ஏறியிருக்கும். அதற்குக் கீழே பிழை படிப்படியாகச் சுருங்குகிறது.

மண்டலங்களை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். திரையில் 1,31,072 தெரிந்தபோது குழாயில் உண்மையில் ஓடியிருந்தது ஏறத்தாழ 1,45,300 லிட்டர். திரை 2,62,144-ஐத் தொட்டபோது ஓடியிருந்தது சுமார் 2,29,200 லிட்டர் மட்டுமே. முதல் இடத்தில் குறைவாகக் காட்டியது, இரண்டாவதில் அதிகமாகக் காட்டியது. நடுவில் 1,70,600 லிட்டரை ஒட்டி இரண்டும் ஒரு கணம் ஒத்துப்போயிருக்கின்றன. அந்த நேரத்தில் யாராவது வேறொரு மானியை வைத்துச் சரிபார்த்திருந்தால், கருவி மிகத் துல்லியம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருப்பார்கள். நின்றுபோன கணக்கு கண்ணில் படுகிறது. ஓடிக்கொண்டே பிழையாகும் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்குக் கவலை தருவது இரண்டாவதுதான்.

மார்ச் 5

டபுள் பற்றிய என் அறிவுரையையும் திருத்த வேண்டியிருக்கிறது. ஆர்டுயினோ ஊனோ போன்ற 8 பிட் பலகைகளில் டபுள் என்று நிரலில் எழுதினாலும் நினைவகத்தில் கிடைப்பது அதே 32 பிட்தான். பிழைச் செய்தியோ எச்சரிக்கையோ வராது. மாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு இன்னொரு முறை 2,62,144-இல் போய் நிற்போம்.

உண்மையான 64 பிட் கிடைத்தாலும் இந்த வேலைக்கு நான் அதை இப்போது பரிந்துரைக்க மாட்டேன். 0.01 என்ற எண்ணை இரும முறையில் முடிவுள்ள இலக்கங்களால் எழுத முடியாது. பத்தடிமானத்தில் மூன்றில் ஒன்றை எழுதப் போனால் 0.333 என்று நீண்டுகொண்டே போவதைப் போன்றது இது. எத்தனை பிட் கொடுத்தாலும் எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும்.

ஓட்டமானி நமக்குத் தருவது லிட்டர் அன்று, துடிப்பு. துடிப்பு எண்ணப்படும் பொருள். எண்ணப்படும் பொருளுக்கு முழு எண்ணே உரிய வீடு. குறியற்ற, அதாவது கழித்தல் குறிக்கு இடம் வைக்காத, 32 பிட் முழு எண்ணில் 4,29,49,67,295 துடிப்புகள் வரை ஒன்றுகூடப் பிசகாமல் எண்ணலாம். அது நாலு கோடியே 29 லட்சம் லிட்டருக்கும் மேல். திரையில் காட்டும் நொடியில் மட்டும் 100-ஆல் வகுத்து லிட்டராக்குங்கள். வகுத்த விடையை மறுபடி கணக்குக்குள் அனுப்பாதீர்கள்.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

முழு எண்ணில் எண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேலே உள்ளதைப் படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தஹ்ரானில், பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு உள்வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 படைவீரர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் கடிகாரம் பத்தில் ஒரு நொடியை முழு எண்ணாகவே எண்ணியது. எண்ணிக்கையில் பிழை இல்லை. அதை நொடியாக்க 0.1-ஆல் பெருக்கினார்கள். அந்த 0.1 என்ற மாறிலி 24 பிட்டுக்குள் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட பகுதி ஏறத்தாழ 0.000000095. அமைப்பு நிறுத்தாமல் 100 மணி நேரம் ஓடியதில் 36 லட்சம் எண்ணிக்கைகள் சேர்ந்தன. பெருக்கிப் பாருங்கள், 0.34 நொடி வருகிறது. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் பாயும் ஸ்கட்டுக்கு அது அரைக் கிலோமீட்டர்.

மூல எண்ணிக்கை அங்கே சரியாகத்தான் இருந்தது. மாற்றும் இடத்தில் கோட்டை விட்டார்கள். ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று என் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன்.

மார்ச் 8

அதே பலகையில் வெப்பநிலையும் பார்ப்பதாகவும், அது 24.9023 என்று நான்கு தசம இடம் காட்டுவதாகவும், இவ்வளவு துல்லியம் தேவையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த நான்கு இடங்களும் துல்லியம் அல்ல.

எல்எம்35 வெப்பநிலை உணரி ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. மின்னழுத்தத்தை எண்ணாக்கும் உங்கள் பலகையின் அனலாக்-டிஜிட்டல் மாற்றி 10 பிட். 5 வோல்ட்டை 1,024 படிகளாக வெட்டுகிறது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட், வெப்பநிலையில் அரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. மாற்றி சொல்லக்கூடிய விடைகள் 50, 51, 52 என்ற முழு எண்கள் மட்டுமே. அவை முறையே 24.41, 24.90, 25.39 டிகிரியாக மாறுகின்றன. இவற்றுக்கு நடுவிலுள்ள எந்த வெப்பநிலையையும் இந்தக் கருவியால் சொல்ல இயலாது. உங்கள் பதிவிலிருந்து ஒரு முழு இரவின் எண்களை எடுத்து, திரும்ப வருபவற்றை ஒன்றாக்கிப் பாருங்கள். நான் அப்படிச் செய்து பார்த்த ஓர் இரவில், ஆயிரக்கணக்கான வரிகளில் மொத்தமே ஐந்து வெவ்வேறு எண்கள் இருந்தன. நான்கு தசம இடங்கள் பெருக்கலில் பிறந்தவை, அளவீட்டிலிருந்து வரவில்லை.

இதைவிடப் பெரிய ஐயம் அந்த 5 வோல்ட்டின்மேல் எனக்கு உண்டு. நிரலில் 5 என்று எழுதியிருக்கிறோம். பலகைக்கு வரும் மின்சாரம் 4.7 வோல்ட்டாக இருந்தால் மாற்றி அந்த 4.7-ஐத்தான் 1,024 ஆக வெட்டும். உண்மையான 25 டிகிரியில் 51-க்குப் பதிலாக 54 வரும். நிரல் அதை 26.37 டிகிரி என்று எழுதும். ஒரு டிகிரிக்கு மேல் பிழை, ஆனால் நான்கு தசம இடங்களும் அசையாமல் நிற்கும். மாற்றி படிகளாக வெட்டும் அந்த முழு அளவுக்கு ஒப்பு மின்னழுத்தம் என்று பெயர்; பலகைக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட் ஒப்பு மின்னழுத்தத்துக்கு மாறுங்கள். படி ஒன்றுக்கு 0.107 டிகிரி கிடைக்கும். உங்கள் பயன்பாட்டில் 110 டிகிரியைத் தாண்டப்போவதும் இல்லை. அந்த 1.1-உம் சில்லுக்குச் சில்லு மாறும் என்பதால் ஒரு முறை மல்டிமீட்டரில் அளந்து, அளந்த எண்ணையே நிரலில் வையுங்கள்.

மார்ச் 9

1,024-ஆல் வகுப்பதா, 1,023-ஆல் வகுப்பதா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். படிகள் 1,024, மிக உயர்ந்த எண் 1,023. நான் 1,024-ஆல் வகுக்கிறேன், படியின் அகலம் அதிலிருந்துதான் வருகிறது. வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒப்பு மின்னழுத்தத்தை அளக்காமல் இதைப் பற்றி வாதிடுவது வீண்.

மார்ச் 11

16 அளவீடுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டு பிட் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஒருவர் எழுதியதற்கு, ஆம் என்று சுருக்கமாகப் பதில் சொன்னேன். அது அரைகுறையான பதில். நான்கு மடங்கு அதிகமாக மாதிரி எடுத்தால் ஒரு பிட் கூடும் என்ற கணக்கு, அளவீட்டில் படியின் அகலத்துக்கு ஒப்பான இரைச்சல் இருந்தால்தான் பொருந்தும். உணரி சற்றும் அசையாமல் இருந்து 16 முறையும் 51 வந்தால் சராசரியும் 51தான். நடுவில் என்ன இருக்கிறது என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. சிறிது நடுக்கம் இருந்து பத்து முறை 51, ஆறு முறை 52 வந்தால்தான் உண்மை 51-க்கும் 52-க்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்று ஊகிக்க வழி பிறக்கிறது. இரைச்சலை முழுதாகத் துடைத்துவிட்டுப் பிறகு சராசரி எடுப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மார்ச் 14

மூல எண்ணைச் சேமித்தே ஆக வேண்டுமா, மாற்றிய மதிப்பு போதாதா என்ற கேள்விக்கு என் அனுபவம் ஒன்றைப் பதிலாக எழுதுகிறேன்.

ஒரு குளிர்பதன அறையின் வெப்பநிலைப் பதிவு என் பொறுப்பில் இருந்தது. உணரி டிஎஸ்18பி20. அது வெப்பநிலையை 16 பிட்டில் தருகிறது. ஒரு டிகிரிக்கு 16 எண்ணிக்கை. சுழியத்துக்குக் கீழே போனால், குறை எண்களைப் பிட்டுகளில் எழுதும் வழக்கமான இரண்டின் நிரப்பி முறையில் எழுதும். −0.5 டிகிரி என்றால் −8. பிட்டுகளாக 1111 1111 1111 1000. நிரலில் அதைக் குறியற்ற எண்ணாக வாங்கியிருந்தேன். அப்படி வாசித்தால் அதே பிட்டுகள் 65,528. 16-ஆல் வகுத்தால் 4,095.5 டிகிரி. இப்படியே விட்டிருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும். ஆனால் வரைபடத்தில் முள் முள்ளாக ஏதோ எழுகிறது என்பதற்காக, 100 டிகிரிக்கு மேலுள்ளதையெல்லாம் நீக்கும் ஒரு வடிகட்டியை அதற்கு முன்பே போட்டிருந்தேன். அறை சுழியத்துக்குக் கீழே இறங்கிய ஒவ்வொரு நிமிடமும் சுவடின்றி மறைந்தது. மிச்சமிருந்தவற்றின் மணிநேரச் சராசரி மட்டும் கோப்பில் ஏறியது. நான்கு மாத வரைபடத்தில் அறை ஒரு தடவைகூட உறையவில்லை. உள்ளே வைத்திருந்த பொருள்கள் உறைந்து கெட்டிருந்தன.

வடிகட்டியையும் குறியையும் சரிசெய்ய அரைமணி நேரம் ஆயிற்று. அந்த நான்கு மாதத்தை மீட்க வழியில்லை; மூல எண்கள் எங்கும் இல்லை. 65,528 என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், எத்தனை ஆண்டு கழித்தும் ஒரே வரியில் அதை −0.5 ஆக்கியிருக்கலாம். யாராவது மூலப் பதிவு இடத்தை அடைக்கிறது என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கோப்புதான் நினைவுக்கு வருகிறது.

மார்ச் 14, தொடர்ச்சி

ஒன்று விட்டுப்போயிற்று. இதே உணரி, மின்சாரம் வந்தவுடன் வெப்பநிலையை அளந்து முடிப்பதற்குள் வாசித்தால் 85 டிகிரி என்று சொல்லும். அது அதன் தொடக்க மதிப்பு. என் வடிகட்டி 100 வரை அனுமதித்ததால் 85-கள் தாராளமாக உள்ளே வந்தன. 4 டிகிரியில் இருக்கும் அறையில், ஒரு மணி நேரத்தின் 60 அளவீடுகளில் ஒன்று 85 ஆக இருந்தால் சராசரி 5.35. யாரும் ஐயப்படாத எண்.

மார்ச் 17

வேறொரு நண்பரின் மின்னளவி, கருவிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் மோட்பஸ் நெறிமுறை வழியாக, 25.0-க்குப் பதிலாக ஏறத்தாழ சுழியத்தையே காட்டுகிறதாம். மோட்பஸ் பதிவகம் ஒன்றில் 16 பிட்தான் அடங்கும், ஃப்ளோட்டுக்கு இரண்டு வேண்டும். 25.0 என்பது முதல் பதிவகத்தில் 16,840, இரண்டாவதில் 0. வரிசையை மாற்றி ஒட்டினால், தசமப் புள்ளிக்குப் பின் நாற்பது சுழியங்களைத் தாண்டி ஒரு நுண்ணிய எண் வரும். இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள், சரியாகிவிடும். எந்த வரிசை என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுகிறது. கையேட்டை நம்புவதைவிட, தெரிந்த ஒரு மதிப்பை அளந்து பார்ப்பதே வழி.

அவர் அளவீடு வராத நேரத்தில் 0 என்று எழுதுவதாகவும் சொன்னார். அதை உடனே நிறுத்துங்கள். தொழிற்சாலைக் கருவிகளில் அளவீட்டை மின்னோட்டமாக அனுப்பும் 4 முதல் 20 மில்லியாம்பியர் என்ற வழக்கம் ஏன் 4-இல் தொடங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். சுழிய அளவுக்கு 4. கம்பி அறுந்தால் 0. 'ஒன்றும் இல்லை' என்பதையும் 'ஒன்றும் தெரியவில்லை' என்பதையும் ஒரே கம்பியில் பிரித்துச் சொல்லிவிடுகிறது அந்த ஏற்பாடு. கோப்பில் வெற்று இடம் விட்டால் நமக்கும் அது கிடைக்கும்.

மார்ச் 20

முதல் கேள்வி கேட்ட நண்பர், துடிப்பை முழு எண்ணாக எண்ணும் நிரலை ஏற்றிவிட்டதாகவும் இரண்டு நாளாக வேறொரு மானியோடு ஒத்துப்போவதாகவும் எழுதியிருக்கிறார். கோப்பின் தலைப்பில் 'மொத்தம்' என்று மட்டும் இருக்கிறது. அதைத் 'துடிப்பு, ஒன்றுக்கு 0.01 லிட்டர்' என்று மாற்றச் சொன்னேன். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது, நியூட்டன்-நொடியில் வந்திருக்க வேண்டிய உந்துவிசைக் கணக்கு பவுண்டு-விசை-நொடியில் வந்ததால்தான். இரண்டுக்கும் நடுவே 4.45 மடங்கு. எண்ணோடு அலகும் சேர்ந்து பயணிக்கவில்லை.

மார்ச் 21

பழைய மாதங்களின் கணக்கை இனி விட்டுவிட வேண்டியதுதானா என்று கேட்டீர்கள். நேற்று முழுதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். விட வேண்டாம், உங்கள் நிலை என் குளிர்பதன அறையைப் போன்றதல்ல. என் பிழை தரவை அழித்தது. உங்கள் பிழை தரவை வளைத்தது, அதுவும் ஒரு விதிக்கு உட்பட்டு வளைத்தது, ஆகவே நிமிர்த்தலாம்.

பலகை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையின் மொத்தத்தைக் கோப்பில் எழுதியிருக்கிறது. அடுத்தடுத்த இரு வரிகளின் வேறுபாட்டை எடுங்கள். அவை 1,31,072-க்கு மேல் இருந்தால் வேறுபாட்டை 0.015625-ஆல் வகுங்கள், 65,536-க்கும் 1,31,072-க்கும் நடுவில் இருந்தால் 0.0078125-ஆல், 32,768-க்கும் 65,536-க்கும் நடுவில் இருந்தால் 0.01171875-ஆல், 16,384-க்கும் 32,768-க்கும் நடுவில் இருந்தால் 0.009765625-ஆல் வகுங்கள். கிடைப்பது துடிப்புகளின் எண்ணிக்கை. அதற்கும் கீழே பிழை இரண்டரை விழுக்காட்டுக்கு மிகாது; விரும்பினால் அங்கும் இதே முறையில் தொடரலாம். மண்டல எல்லையைத் தாண்டும் வரியை மட்டும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கோப்பில் இரண்டு தசம இடங்களே இருப்பதால் ஒவ்வொரு விடையும் ஒரு துடிப்பு அளவுக்கு முன்பின்னாக இருக்கலாம்.  ஏதாவது ஒரு வரியில் மொத்தம் முந்தைய வரியைவிடக் குறைந்திருந்தால் உடனே எழுதுங்கள். நடுவில் பலகை அணைந்து, சேமித்த மொத்தத்திலிருந்து மறுபடி தொடங்கிய நாள் ஏதாவது இருக்கக்கூடும்.

கணக்கு நின்றுபோன நாளிலிருந்து நிரலை மாற்றிய நாள் வரை இந்த வழி உதவாது. அந்த நாட்களுக்கு ஓட்ட வீதத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வரிகளுக்கு நேரே 'மதிப்பீடு' என்று ஒரு தனிப் பத்தியில் எழுதிவையுங்கள். எண்ணிய துடிப்புகளோடு அவற்றைக் கலந்துவிடாதீர்கள்.